ஆறப் பொறுத்த கண்ணாடி

நான் செய்த முதல் கண்ணாடி மீன் பத்தொன்பது நாள் முழுசாக இருந்தது. இருபதாம் நாள் ராத்திரி, வீடு அடங்கிய பிறகு, கூடத்து அலமாரியிலிருந்து ‘டிக்’ என்றொரு சத்தம். பல்லி என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் மீனின் நீலத் துடுப்பு தனியாக, உடம்பு தனியாகக் கிடந்தது. அலமாரிக் கதவு சாத்தியே இருந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் மேலே விழவில்லை. விரிசல் கோணல்மாணலாக ஓடியிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். அது நீலத் துடுப்பின் வளைவை ஒட்டி, யாரோ பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்த மாதிரி அவ்வளவு சுத்தமாக ஓடியிருந்தது.

பத்தொன்பது நாள் சும்மா இருந்த கண்ணாடிக்கு அன்றைக்கு மட்டும் என்ன வந்தது?

செய்முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். கண்ணாடித் துண்டுகளை வேண்டிய வடிவில் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளைக்குள் வைத்து 800 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேற்றினால் அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பலகையாகிவிடும். பசை கிடையாது, ஈயப் பட்டை கிடையாது, ஊதுகுழல் கிடையாது. ஃப்யூசிங் என்கிறார்கள். கழுத்தில் தொங்கும் பதக்கம், சின்னத் தட்டு, ஜன்னலில் மாட்டும் படம் என்று இதில் என்னென்னவோ செய்யலாம். ஊதிச் செய்கிற கண்ணாடிக்கு வருஷக்கணக்கில் கைப்பழக்கம் வேண்டும். இதில் முதல் நாளே ஏதோ ஒன்று வந்துவிடும். வந்தது நிலைக்குமா என்பது வேறு சங்கதி.

புதுப் பொழுதுபோக்குபோலத் தெரிந்தாலும் இது ஊதுவதைவிடப் பழைய வித்தை. கண்ணாடியை ஊதும் உத்தி பிறந்ததே கி.மு. முதல் நூற்றாண்டில், சிரியா–பாலஸ்தீனக் கரையோரத்தில்தான். அதற்கு முன்பே, பல வண்ணக் கண்ணாடிக் குச்சிகளைச் சேர்த்து இழுத்து, வெள்ளரிக்காய் நறுக்குவதுபோல வில்லை வில்லையாக நறுக்கி, பக்கம் பக்கமாகப் பரப்பிச் சூட்டில் இணைத்து, அந்தப் பலகையை ஓர் அச்சின்மேல் தொய்யவிட்டுக் கிண்ணமாக்கிக்கொண்டிருந்தார்கள். பூப்போட்ட ரோமானியக் கிண்ணங்கள் பல அப்படி வந்தவை. ஊதுகுழல் வந்தது, கண்ணாடி மலிந்தது, பரப்பி இணைக்கும் வேலை பின்னுக்குப் போயிற்று. அது கலைஞர்களின் கைக்குப் பெரிய அளவில் திரும்பி வர 20-ஆம் நூற்றாண்டு ஆனது.

என் கைக்கு வந்தது புதுச்சேரியில். மண்பாண்டம் வனையும் அக்கா ஒருவரிடம் சின்ன மின்சூளை இருந்தது. உள்ளே ஒரு சோற்றுக் குண்டான் வைக்கிற அளவுக்குத்தான் இடம். “கண்ணாடிய மட்டும் நீ கொண்டு வா, கரன்ட் பில்லும் நீயே கட்டு” என்றார். நியாயமான ஒப்பந்தம்.

கண்ணாடிக் கடைக்குப் போனேன். சாமி படத்துக்கு ஃப்ரேம் போடுவது, ஜன்னலுக்குக் கண்ணாடி அறுப்பது எல்லாம் அந்தக் கடைக்காரர் ஒருவரே. மூலையில் ஒரு சாக்கு நிறையக் கழிவுத் துண்டுகள். “இத ரெண்டா வெட்டிக் குடுங்கண்ணே” என்றேன். “கண்ணாடிய யார் சார் வெட்டுறா? கீறி ஒடைக்கிறதுதான்” என்று சிரித்தார். கட்டரின் சின்னச் சக்கரத்தை மண்ணெண்ணெயில் நனைத்தார். மட்டக்கோலை ஒட்டி ஒரே இழுப்பு. பட்டுத் துணி கிழிவதுபோல மெல்லிய ‘ஸ்ர்ர்ர்’. கோட்டை மேஜை விளிம்பில் பொருத்தி லேசாக அழுத்தினார், இரண்டாகிவிட்டது. கோடு சரியாக விழவில்லையோ என்று நான் மறுபடி கட்டரை ஓட்டப் போனபோது கையைப் பிடித்துவிட்டார். “ஒரு கோட்டுல ஒரு தடவைதான். ரெண்டாவது ஓட்டினா அது இஷ்டத்துக்குப் போவும்.”

அவர் சொன்னதுதான் இயற்பியலும். அணுக்களின் பிணைப்பை மட்டும் கணக்கிட்டால் கண்ணாடி எஃகையே தோற்கடிக்க வேண்டும். நடைமுறையில் அதில் நூறில் ஒரு பங்கு பலம்தான் தேறுகிறது. மீதி எங்கே போகிறது என்பதை 1921-இல் வெளியான கட்டுரையில் விளக்கியவர் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். எந்தக் கண்ணாடியின் மேற்பரப்பிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் உண்டு. கண்ணாடியை இழுக்கும்போது அந்த விசை முழுப்பரப்பிலும் சமமாகப் பரவாமல் கீறலின் நுனியில் போய்க் குவிகிறது. ஜவுளிக்கடையில் பார்த்திருப்பீர்கள். துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டுச் சர்ரென்று கிழித்துவிடுவார்கள். வெட்டு இல்லாத ஓரத்தைக் கிழிக்கப் பயில்வான் வர வேண்டும். இரும்பாக இருந்தால் கீறலின் நுனி கொஞ்சம் நெகிழ்ந்து மழுங்கிவிடும். கண்ணாடிக்கு நெகிழத் தெரியாது. கட்டர் செய்வதெல்லாம் நமக்கு வேண்டிய இடத்தில் ஒரு நல்ல கீறலை வைத்துக் கொடுப்பதுதான். இந்தக் கீறல் நுனியை மறந்துவிடாதீர்கள், மீனின் மரணத்தில் அதற்குப் பங்கு உண்டு.

நீலத் துடுப்புக்கான கண்ணாடி அந்தக் கடையில் வாங்கியதல்ல. பழைய வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள். வாசற்கதவுக்கு மேலே இருந்த அரைவட்ட ஜன்னலின் வண்ணக் கண்ணாடிகள் குப்பையோடு கிடந்தன. கேட்டேன், கொடுத்தார்கள். கோபால்ட் நீலம், அப்படியொரு ஆழம். ஜன்னல் கண்ணாடியை ஓரத்திலிருந்து பார்த்தால் தெரியும் பச்சை, மணலில் ஒட்டிக்கொண்டு வந்த இரும்பின் வேலை. கோபால்ட்டோ ஆயிரத்தில் ஓரிரு பங்கு சேர்ந்தாலே கண்ணாடியை நீலமாக்கிவிடும். கண்ணாடியில் வண்ணம் என்பது பெரும்பாலும் இப்படி ஏதோ ஓர் உலோகத்தின் கைங்கரியம். சில சேர்க்கைகளுக்குள் ஒத்தும் வராது. செம்பு கலந்த கண்ணாடியையும் கந்தகம் கலந்த கண்ணாடியையும் பக்கத்தில் வைத்துச் சுட்டால் அவை தொடும் இடத்தில் அடுப்புக்கரி நிறத்தில் ஒரு கோடு விழும். தெரியாமல் செய்தால் வேலை கெட்டது, தெரிந்து செய்தால் கலை.

சூளைத் தட்டின்மேல் கயோலின் களிமண்ணும் அலுமினாவும் கலந்த குழம்பைப் பூச வேண்டும், தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவுகிற மாதிரி. இல்லையென்றால் கண்ணாடி தட்டோடு ஒட்டிக்கொள்ளும். காய்ந்த பூச்சைச் சுரண்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது, முகக்கவசம் கட்டாயம். துண்டுகளை அடுக்கி மூடியைச் சாத்தினோம்.

சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதை டீக்கடையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாஸ்டர் கொதிக்கும் டீயை ஊற்றுவதற்கு முன் டம்ளரை வெந்நீரில் ஒரு அலசு அலசுவார். சுத்தத்துக்காக என்று நினைத்திருந்தேன். அதில் இன்னொரு லாபமும் உண்டு. கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் சோம்பேறி. உள்பக்கம் சூடாகி விரியும்போது வெளிப்பக்கத்துக்குச் செய்தியே போயிருக்காது. விரிந்த பக்கம் விரியாத பக்கத்தை இழுக்கும், வெளிப்பக்கத்தில் ஒரு கீறல் இருந்தால் கதை முடிந்தது. முன்கூட்டியே சூடான டம்ளர் தப்பிக்கும். சூளையிலும் அதே கதைதான். ஏறத்தாழ 540 டிகிரிவரை மணிக்கு 150, 200 டிகிரிக்கு மேல் அவசரப்படக் கூடாது. அதைத் தாண்டிய பிறகு கண்ணாடி இளகத் தொடங்கிவிடுவதால் உடையும் பயம் இல்லை.

இளகத் தொடங்குவது என்றால் எப்போது? இந்தக் கேள்விக்குக் கண்ணாடியிடம் நேரான பதில் இல்லை. பனிக்கட்டி பூஜ்ஜியம் டிகிரியில் உருகும். இரும்பு 1538-இல். கண்ணாடிக்கு உருகுநிலை என்று ஓர் எண்ணே கிடையாது. திரவமாக இருந்தபோது அணுக்கள் எப்படிக் கலைந்து கிடந்தனவோ, ஏறத்தாழ அதே கோலத்தில் இறுகிப்போன பொருள் அது. வரிசைகட்டி நிற்கும் படிகமாக இருந்தால் ஒரே நொடியில் வரிசை கலையும். இங்கே கலைவதற்கு வரிசையே இல்லை, மெல்ல மெல்ல நெகிழ மட்டுமே முடியும். மணலை மட்டும் உருக்க 1700 டிகிரி வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் மணலின் பிணைப்புகள் ஆங்காங்கே அறுந்து, வெகு கீழேயே நெகிழத் தொடங்கும். சோடாவை மட்டும் சேர்த்தால் அந்தக் கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும் என்பதால் கொஞ்சம் சுண்ணாம்பு. நம் ஜன்னல், பாட்டில், வளையல் எல்லாம் இந்த மூன்றின் சமையல்தான்.

சமையல் என்று சொன்னதில் மிகையில்லை. ஒரு திரவத்தின் கெட்டித்தன்மைக்கு நம் பாடப்புத்தகத்தில் ‘பாகியல்’ என்று பெயர். பாகு என்ற சொல்லிலிருந்து வந்தது. அதிரசத்துக்குப் பாகு வைக்கிறவர்கள் தெர்மாமீட்டர் பார்ப்பதில்லை. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டி, இது இளம்பாகு, இது உருண்டைப் பதம், இது கல்லுப் பாகு என்று சொல்லிவிடுவார்கள். கல்லுப் பாகில் கடலையைப் போட்டுப் பரப்பி ஆறவிட்டால் கடலை மிட்டாய். அந்த மிட்டாயை உடைக்கும்போது ‘டக்’கென்று வழவழப்பான முகத்தோடு உடைகிறதே, அது தற்செயல் இல்லை. இயற்பியல் கணக்கில் அந்தப் பாகு அசல் கண்ணாடி. மணலுக்குப் பதில் வெல்லம், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கும் அதே பதக்கணக்கு. தொழிற்சாலை உலையில் 1500 டிகிரியை நெருங்கும்போதுதான் அது தேன் பதத்துக்கு வரும். எங்கள் சூளை எட்டும் 820 டிகிரியில் தேனைவிட ஆயிரக்கணக்கான மடங்கு கெட்டி. ஊற்ற முடியாது, ஆனால் தன்னெடையில் தானே அமுங்கும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: “அப்படின்னா ஜன்னல் கண்ணாடியும் மெதுவா ஒழுகுமாமே? பழைய ஐரோப்பிய தேவாலயங்கள்ல கண்ணாடி அடிப்பக்கம் தடிமனா இருக்காமே?” அழகான கதை, உண்மையில்லை. அந்தக் காலத்துக் கண்ணாடி செய்யும்போதே மேடுபள்ளமாகத்தான் வந்தது. பிரேசில் விஞ்ஞானி எட்கர் சனோட்டோ 1998-இல் கணக்குப் போட்டுக் காட்டினார், அறை வெப்பத்தில் கண்ணுக்குத் தெரியும்படி ஒழுகப் பிரபஞ்சத்தின் வயசே போதாது என்று. பின்னர் 2017-இல் வந்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. அதன்படி நூறு கோடி ஆண்டில் அதிகபட்சம் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமனே பல பத்தாயிரம் நானோமீட்டர்.

சூளையின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதன்வழியே பார்க்கலாம். 600 டிகிரியில் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். 700-ஐத் தாண்டும்போது கைபட்டால் கிழிக்கும் ஓரங்கள் எல்லாம் மழுங்கிப் பளபளக்கத் தொடங்கும். அப்புறம் துண்டுகள் ஒன்றில் ஒன்று ஒட்டும், ஆனால் மேடு தெரியும். இன்னும் ஏறினால் மேடும் கரைந்து சமதளமாகும். எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அதற்கேற்ற உருவம். இருபது, முப்பது டிகிரியில் பொருளே மாறிவிடும்.

ஓரம் மழுங்குவது பரப்பு இழுவிசையால். எந்தத் திரவத்துக்கும் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ளும் ஆசை உண்டு. உருகிய கண்ணாடிக்கு அந்த ஆசை தண்ணீரைவிட நான்கு மடங்கு. இதை வைத்தே ஒரு பெரிய வியாபாரம் நடந்திருக்கிறது, அதுவும் அக்காவின் பட்டறையிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்தில். அரிக்கமேட்டில் 1945-இல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே மண்ணைக் கிளறியவர்களுக்கெல்லாம் குட்டிக் குட்டிக் கண்ணாடி மணிகள் கிடைத்திருக்கின்றன. இதே வகை மணிகளுக்கு ‘இந்தோ–பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டவர் பீட்டர் ஃபிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர். தென்கிழக்கு ஆசியா முழுக்க அவை கிடைக்கின்றன. செய்முறை இப்படி: உருகிய கண்ணாடியை நடுவில் துளையோடு நீளமான குழலாக இழுப்பது, அதைப் பொடிப்பொடியாக நறுக்குவது. நறுக்கியதும் விளிம்பெல்லாம் கத்தி. அப்படியே கோத்தால் நூலும் அறுந்துவிடும், கழுத்தும் கீறும். அதனால் சாம்பலோடு கலந்து சட்டியில் போட்டுச் சுடவைத்துக் கிளறுவார்கள். பரப்பு இழுவிசை விளிம்புகளை உருட்டிவிடும். சாம்பல் துளைக்குள் புகுந்து அதை அடையாமல் காக்கும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்ளும். காளஹஸ்திப் பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம்வரை பிழைத்திருந்தது. எங்கள் பூச்சுக் குழம்பு செய்கிற வேலையை அங்கே சாம்பல் செய்தது.

அதே இழுவிசை இன்னொரு வேடிக்கையும் செய்யும். மூன்று மி.மீ. கண்ணாடி ஒன்றை மட்டும் தனியாக முழுச் சூட்டில் வைத்துப் பாருங்கள். பரவும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அது சுருங்கும். ஓரங்கள் உள்ளே இழுபட்டு, தடித்து, சதுரத்தின் பக்கங்கள் இடுப்பு ஒடுங்கியதுபோல ஆகிவிடும். நான்கு அடுக்கு வைத்தால் நேர்மாறாக அகலப் பரவி வழியும். இரண்டடுக்கு, அதாவது ஆறு மி.மீ. வைத்தால்? போட்ட அளவு அப்படியே நிற்கும். தன் கனத்தால் பரவப் பார்ப்பதும் இழுவிசையால் சுருங்கப் பார்ப்பதும் சமன் ஆகும் தடிமன் ஏறத்தாழ ஆறு மி.மீ. தாமரை இலையில் கொஞ்சம் தாராளமாகத் தண்ணீர் ஊற்றினால் அது ஒரு தட்டையான குளமாக நிற்குமே, அதன் உயரம் ஐந்து மி.மீ. அளவில் நிற்பதும் இதே பேரம்தான். 1959-இல் ஆலஸ்டர் பில்கிங்டன் அறிவித்த மிதவைக் கண்ணாடி முறையில், உருகிய வெள்ளீயத் தொட்டியின்மேல் கண்ணாடியை மிதக்கவிடுகிறார்கள். அங்கேயும் சும்மா விட்டால் ஆறு, ஏழு மி.மீ.யில்தான் போய் நிற்கும். மெல்லிய ஜன்னல் கண்ணாடி வேண்டுமென்றால் இழுத்துத்தான் மெலிய வைக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் ஓடும் பெரிய ஆலையின் கட்டுப்பாட்டறையும் எங்கள் சோற்றுக் குண்டான் சூளையும் ஒரே எண்ணோடு மல்லுக்கு நிற்கின்றன என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம்.

இவ்வளவும் ஏறும் பாதை. உச்சியில் நிற்பது வெறும் பத்து நிமிஷம். புதிதாக வருகிறவர்கள் கலை இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். ஆக்கப் பொறுத்தால் போதாது, ஆறவும் பொறுக்க வேண்டும்.

இறங்கும்போது முதல் வில்லங்கம் 760-லிருந்து 700 டிகிரிவரை. இங்கே அதிக நேரம் தங்கினால் மேற்பரப்பில் அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாகத் தொடங்கும். கண்ணாடி பளபளப்புப் போய், மேலே பால் ஆடை படிந்ததுபோல மங்கிவிடும். அம்மாவின் பாகு சில நாள் ‘பூத்துப்போய்’ மணல் மணலாகிவிடுமே, அதேதான். பாகில் ஒரு சர்க்கரைத் துணுக்கு விழுந்தால் போதும் பூப்பதற்கு; கண்ணாடியில் அந்த வேலையைத் தூசும் விரல்ரேகையும் செய்யும். எனவே துடைத்துத் துடைத்து அடுக்க வேண்டும், இந்த இடத்தை விரைவாகக் கடக்க வேண்டும்.

அடுத்தது உண்மையான சோதனை. ஜன்னல் கண்ணாடி என்றால் 550 டிகிரி, ஃப்யூசிங்குக்கென்றே விற்கும் வண்ணக் கண்ணாடி என்றால் 480–510 டிகிரி. இங்கே கண்ணாடி பார்வைக்குக் கல். ஆனால் அணுக்களுக்கு இன்னும் கொஞ்சம் அசைய இடமிருக்கிறது. இழுபட்ட இடம் தளர்ந்து, அமுங்கிய இடம் நிமிர்ந்து, சில பத்து நிமிடங்களில் உள்ளே இருக்கும் கெடுபிடி எல்லாம் தீர்ந்துவிடும். நூறு, நூற்றைம்பது டிகிரி கீழே இறங்கிவிட்டால் அதே சமரசத்துக்கு வருஷங்கள் ஆகும். அதனால் ஆறு மி.மீ. பலகையை அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கு 60, 80 டிகிரியாகப் பையப் பைய இறக்க வேண்டும். அனீலிங் என்பது இதுதான். உருக்கியது பத்து நிமிஷம், ஆற்றுவது ஒரு ராத்திரி முழுக்க.

ஆற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அழகான, கொஞ்சம் பயங்கரமான உதாரணம் ஒன்று 17-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கிறது. உருகிய கண்ணாடியில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் தலைப்பிரட்டை வடிவில் இறுகும். இளவரசர் ரூபர்ட் இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார், 1661-இல் ராயல் சொசைட்டியில் ஆராய்ந்தார்கள். தலையில் சுத்தியலால் அடித்தால் உடையாது. வாலை நகத்தால் கிள்ளினால் மொத்தமும் பொடி. வெளித்தோல் முதலில் இறுகிவிட்டது; உள்ளே இருப்பது பிறகு ஆறிச் சுருங்கும்போது தோலை உள்நோக்கி இழுக்கிறது. தோல் நெருக்குண்டு கிடப்பதால் அதில் கீறல் வாய் திறக்க முடியாது. ஆனால் ஒரு விரிசல் எப்படியாவது உள்ளே இருக்கும் இழுவைப் பகுதியைத் தொட்டுவிட்டால் நொடிக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பாயும். இதே கெடுபிடியை அளவாகத் திட்டமிட்டு வைத்தால் அதுதான் டஃபன்ட் கண்ணாடி. விபத்து நடந்த இடத்தில் கார் ஜன்னல் கற்கண்டுபோலச் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கடைக்காரர் கீறி உடைக்க முடியாது. கீறினால் சாக்கு நிறையக் கற்கண்டுதான்.

என் மீனை நான் ஓரளவு பொறுமையாகவே ஆற்றினேன். அது செத்தது வேறு காரணத்தால்.

ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி ஒரு டிகிரி சூடேறினால் எத்தனை மைக்ரான் நீளும் என்பது கண்ணாடிக்குக் கண்ணாடி மாறும். கடைகளில் 90 என்றும் 96 என்றும் எண் போட்டு விற்பார்கள். அதற்கு 9 மைக்ரான், 9.6 மைக்ரான் என்று பொருள். ஆறு புள்ளி வித்தியாசம்தானே என்று இரண்டையும் பத்து செ.மீ. அளவில் சேர்த்துச் சுடுங்கள். உருகி இருக்கும்வரை தகராறு இல்லை. 500 டிகிரிக்குக் கீழே இரண்டும் கைகோத்தபடி இறுகிவிடும். அறை வெப்பத்துக்கு வருவதற்குள் ஒன்று மற்றதைவிட 0.03 மி.மீ. குட்டையாக வேண்டியிருக்கும். தலைமுடியில் பாதி. ஆனால் கையை விட முடியாதே! அந்தப் பாதி முடி அளவுக்காக ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறு, இருநூறு கிலோ தொங்குகிற மாதிரியான இழுவை அந்த எல்லையில் நிரந்தரமாகக் குடியேறிவிடும். நம் ஜன்னல் கண்ணாடியும் இடித்த வீட்டின் நீலமும் எந்த எண்களோ, யார் கண்டார்? அமெரிக்காவின் போர்ட்லண்டில் 1974-இல் தொடங்கிய புல்ஸ்ஐ போன்ற நிறுவனங்கள் பிழைப்பதே ஒவ்வொரு வண்ணத்தையும் சேர்த்துச் சுட்டுச் சோதித்து, இவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்று உறுதி கொடுத்து விற்பதால்தான். எண்ணை மட்டும் நம்புவதும் ஆகாது. இறுகும் வேகமும் பாகியலும் சேர்ந்தே ஒத்துப்போக வேண்டும், ஜாதகத்தில் ஒரு பொருத்தம் போதாததைப்போல.

இந்த இழுவையைக் கண்ணால் பார்க்க முடியும் என்று தெரிந்தபோதுதான் எனக்கு உண்மையில் புல்லரித்தது. லேப்டாப் திரையில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறங்கள். போலராய்டு கூலிங்கிளாஸை எடுத்து, திரை இருண்டு போகும்வரை திருப்பிப் பிடியுங்கள். இப்போது இரண்டுக்கும் நடுவே பள்ளிப் பிள்ளையின் பிளாஸ்டிக் ஸ்கேலை நுழையுங்கள். வானவில்! வார்க்கும்போது அதற்குள் உறைந்துபோன இழுபறி அத்தனையும் நிறமாகத் தெரியும். இழுபட்ட ஒளிபுகும் பொருள் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் குலைத்துவிடுகிறது என்பதை ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் 1810-களிலேயே கண்ணாடியில் பார்த்துச் சொல்லிவிட்டார். ஜன்னல் கண்ணாடியின் வெறும் துண்டை வைத்தேன், இருட்டு இருட்டாகவே இருந்தது. பெரிய மீனோடு அதே நாளில், அதே நீலத்தில் செய்த குட்டி மீன் ஒன்று இன்னும் உடையாமல் இருந்தது. அதை வைத்தேன். நீலத் துடுப்பைச் சுற்றிலும், தெளிவான கண்ணாடியில், நிலாவுக்கு வளையம் கட்டியதுபோல வெள்ளொளி.

சரி, இழுவை முதல் நாளிலிருந்தே இருந்தது. பத்தொன்பது நாள் ஏன் காத்திருந்தது? கடைக்காரர் வைத்தது போன்ற கீறல், கண்ணுக்குத் தெரியாத அளவில், அந்த எல்லையில் எங்கோ ஒன்று இருந்திருக்கிறது. உடனே உடைக்க அதற்குப் பலம் போதவில்லை. ஆனால் காற்றில் ஈரம் இருக்கிறது. நீர் மூலக்கூறு ஒன்று கீறலின் நுனிக்குள் நுழைந்து, ஏற்கெனவே இழுபட்டுக்கிடக்கும் சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு ஒன்றை அறுக்கிறது. நுனி ஓர் அணு தூரம் முன்னேறுகிறது. அடுத்த மூலக்கூறு, அடுத்த பிணைப்பு. ஷெல்டன் வீடர்ஹார்ன் 1967-இல் இதை அளந்தே காட்டினார்: காற்றில் ஈரம் கூடக் கூட, அதே இழுவையில் விரிசல் வேகமாக வளர்கிறது. இப்படி எறும்பு ஊர்ந்து ஊர்ந்து ஒரு கட்டத்தைத் தாண்டியதும் இனித் தண்ணீரின் உதவி தேவையில்லை, மீதியைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடிக் கடந்துவிடும். நான் கேட்ட ‘டிக்’ அந்தக் கடைசி ஓட்டம். அதற்கு முந்தைய பத்தொன்பது நாளும் கூடத்தில் நாங்கள் சாப்பிட்டு, டிவி பார்த்து, சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது விரிசல் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

அடுத்த முறை வண்ணத்துக்கு ஆசைப்படவில்லை. ஒரே தகட்டிலிருந்து கீறிய இரண்டு சதுரங்கள், நடுவே காய்ந்த அரச இலை. 650 டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தினோம், இலை எரியும் புகை விளிம்பு மூடுவதற்குள் வெளியேறட்டும் என்று. பிறகு 820, பத்து நிமிஷம். பிறகு ராத்திரி முழுக்க ஆற்றுதல். காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். சூளையின் எண் 140 காட்டியது. மூடியில் கை வைத்தேன். அக்கா களிமண் கையோடு திரும்பிப் பார்த்தார். “தொடாத. டீ குடிச்சிட்டு வா.” இரண்டு டீ குடித்தேன். மதியம் 45 டிகிரியில் திறந்தோம். இலை போய்விட்டிருந்தது. கரியெல்லாம் எரிந்து, வேர் வழியே மண்ணிலிருந்து அது ஏற்றி வைத்திருந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் மட்டும் சாம்பலாக, நரம்பு நரம்பாக, நுனி வால்வரை வெள்ளைக் கோட்டில் கண்ணாடிக்குள் படிந்திருந்தது. காம்பருகே ஒரு குமிழி. அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, அக்கா எடுத்துக்கொண்டார்.

லேப்டாப் திரைக்கும் கூலிங்கிளாஸுக்கும் நடுவே பிடித்துப் பார்த்தேன். சாம்பல் கோடுகளை விட்டால் மூலைக்கு மூலை இருட்டு.

இலையை ஜன்னலில் மாட்டியிருக்கிறேன். குட்டி மீன் அலமாரியில், அண்ணன் உடைந்த அதே தட்டில் இருக்கிறது. வளையத்தோடு ஏழு மாதம் தாக்குப்பிடித்துவிட்டது. இந்த வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, துணி காயவே மாட்டேன் என்கிறது. ராத்திரியில் பல்லி கத்தினால் எழுந்து போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வருகிறேன்.